எட்டாவது மனு

செல்லக்கண்ணு இருபத்தாறு வருஷமாகத் திருச்சி கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர். பட்டா, முதியோர் பென்ஷன், குடிதண்ணீர் என்று யாருக்கு என்ன குறையோ, அதை ஒரே பக்கத்தில் அடக்கிக் கொடுத்துவிடுவார். தன் கையால் எழுதின மனு வீண்போகாது என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. அப்பேர்ப்பட்டவருடைய சொந்த மனுதான் ஏழு மாதமாகக் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது.

மாசியில் அவர் மனைவி சந்திரம்மாளுக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் ஓரளவு சரியாகிவிட்டது. பேச்சு மட்டும் திரும்பவில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். சந்திரம்மாளோ வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவள். இப்போது அந்த வீட்டில் குக்கர் விசிலைத் தவிர வேறு சத்தம் இல்லை.

தினமும் காலையில் செல்லக்கண்ணு அவள் எதிரில் உட்கார்ந்து, "என் பேரு என்ன? சொல்லு பாப்போம்" என்பார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். பக்கத்து வீட்டு பஸீலா ஒருநாள் கேட்டே விட்டாள்: "நல்லா இருந்தப்பவே அக்கா உங்க பேரைச் சொன்னதில்ல. எப்பவும் 'ஏங்க', 'இந்தாங்க'ன்னுதான் கூப்பிடுவாங்க. இப்பப் போயி பேரைச் சொல்லுன்னா எப்படிண்ணே சொல்லுவாங்க?" அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மறுநாள் அதையேதான் கேட்டார்.

உறையூர் வெக்காளியம்மன் கோயிலில், குறையைத் தாளில் எழுதி அம்மன் எதிரே உள்ள சூலத்தில் கட்டுவது வழக்கம். மற்றவர்கள் 'தாயே, நீதான் பார்த்துக்கணும்' என்று ஒரு வரி கிறுக்கிக் கட்டிவிட்டுப் போவார்கள். செல்லக்கண்ணுவுக்கு அப்படியெல்லாம் எழுத வராது. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை எல்லாம் முறைப்படி இருக்க வேண்டும். 'பொருள்: என் மனைவிக்குப் பேச்சு வரம் வேண்டுதல் தொடர்பாக.' மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஒரு மனு. ஐப்பசியில் எழுதிய எட்டாவது மனுவில், பார்வை என்ற இடத்தில் முந்தைய ஏழு மனுக்களையும் தேதி போட்டு வரிசையாகக் குறிப்பிட்டார். அதற்கும் ஆத்திரம் அடங்காமல் கடைசியில் ஒரு வரி சேர்த்தார். 'நகல்: அருள்மிகு ரங்கநாதர், ஸ்ரீரங்கம். தக்க நடவடிக்கைக்காக.' தங்கை காது கொடுக்கவில்லை என்றால் அண்ணனிடம்தானே போக வேண்டும்?

அன்று மத்தியானமே ஸ்ரீரங்கம் போய் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றார். சன்னிதியில் பெருமாள் நிம்மதியாகப் பள்ளிகொண்டிருந்தார். செல்லக்கண்ணு சட்டைப்பையில் இருந்த நகலைத் தொட்டார். அதை எங்கே வைப்பது, யாரிடம் கொடுப்பது என்று யோசிப்பதற்குள், "நகருங்கோ, நகருங்கோ" என்று குரல் வந்தது. பின்னால் இருந்தவர்கள் தள்ள, அவர் வெளியே வந்து விழுந்தார். ஒப்புகைச் சீட்டுகூட இல்லாத ஆபீஸ் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே பஸ் ஏறினார்.

உறையூரில் இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கோயிலில் அம்மன் முன்னால் நின்றவர்கள் எல்லோரும் மண்டபத்துக்குள் ஓடினார்கள். செல்லக்கண்ணுவும் மனுவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினார். வெக்காளிக்கு மட்டும் கூரை கிடையாது. ஊரில் எல்லோருக்கும் வீடு அமையும்வரை தனக்குக் கூரை வேண்டாம் என்று அவள் வெட்டவெளியில் இருப்பதாகச் சொல்வார்கள். சின்ன வயதிலிருந்து அவர் கேட்ட கதைதான். அவள் நனைவதைத்தான் இதுவரை பார்த்ததில்லை.

மழை அவள் தலையில் கொட்டியது. சூலத்தில் கட்டிய தாள்கள் ஊறி, மை வழிந்தது. தன்னுடைய ஏழு மனுவும் இப்படித்தான் கரைந்திருக்கும் என்று அவருக்கு அழுகை முட்டியது. தன்னையும் சேர்த்து, கேட்க வந்தவர்கள் அத்தனை பேரும் ஓடி ஒதுங்கிவிட்டதும், கேட்கப்பட்டவள் ஒருத்தி மட்டும் இடத்தை விட்டு நகராமல் உட்கார்ந்திருப்பதும் அப்புறம்தான் அவர் கண்ணில் பட்டது.

அந்த நேரத்தில் பஸீலாவிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, எங்க இருக்கீங்க? அக்கா வாசல்ல நாற்காலியப் போட்டு உக்காந்திருக்காங்க. சாரல் மேல அடிக்குது. கையப் புடிச்சு இழுத்தாலும் உள்ள வர மாட்டேங்கறாங்க."

"ஏம்மா, என்ன ஆச்சு அவளுக்கு?"

"ஒண்ணும் ஆகலண்ணே. தினமும் இப்படித்தான். நீங்க வர்ற வரைக்கும் அங்கதான் உக்காந்திருப்பாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

அவருக்குத் தெரியாது. எட்டு மாதமாக அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மனுவைக் கட்டாமலே வீட்டுக்கு ஓடினார்.

சந்திரம்மாள் பாதி நனைந்து உட்கார்ந்திருந்தாள். அவரைக் கண்டதும் எழுந்து, முந்தானையை இடது கையால் இழுத்து அவர் தலையைத் துவட்டினாள். செல்லக்கண்ணு குழந்தை மாதிரி குனிந்து நின்று அழுதார். மறுநாள் காலையில் அவள் எதிரில் உட்கார்ந்தார். பேரைக் கேட்கவில்லை. காப்பியைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா பக்கத்தில் இருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவளையும் கோயிலுக்கு ஆட்டோவில் கூட்டிப்போனார். வழக்கம்போல ஒரு தாளில் அனுப்புநர், பெறுநர் எழுதியவர் பொருளுக்கு வந்ததும் நின்றார். பிறகு எழுதினார்: 'தாங்கள் இருப்பது தெரியவந்தது. நாங்களும் இருக்கிறோம்.' எழுதி முடித்த பிறகும், பேச்சு வராமல் போய்விடுமோ என்ற பயம் அப்படியேதான் இருந்தது. அதை எழுதவில்லை.

சூலத்தில் முடிச்சுப் போடும்போது தூறல் விழுந்தது. கூட்டம் மண்டபத்துக்கு ஓடியது. சந்திரம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள், நகரவில்லை.

அவரும் ஓடவில்லை. மூன்று பேரும் நனைந்தார்கள்.