எழுபத்தேழாம் வருடத்து உள்களம்

ஹாலோவே ஒரு பந்தைத் தவறவிட்டால், அதை வேறு எவனாலும் பிடித்திருக்க முடியாது. நாற்பத்தெட்டு வருடமாக நான் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முடிவெட்டும் கடையில் சொல்லியிருக்கிறேன். தேவாலயத்து மீன் விருந்தில் சொல்லியிருக்கிறேன். சிறுநீரகக் கல் எடுத்த டாக்டரிடம்கூட, மயக்க மருந்து ஏறுவதற்குள் அவசர அவசரமாகச் சொன்னேன். 1977இல் எங்கள் ஊர் ஃபெர்ரிமென் பேஸ்பால் அணிக்கு ஆடிய நால்வரைப் போல ஓர் உள்களம் இந்த ஒஹையோ நதிக்கரையில் முன்னும் இருந்ததில்லை, பின்னும் இல்லை. தரையில் உருளும் பந்தைத் தடுப்பது இவர்கள் வேலை: அடித்தவன் ஓடித் தொட வேண்டிய மூன்று பேஸுக்கு மூன்று பேர், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே ஷார்ட்ஸ்டாப் டெக்ஸ்டர் ஹாலோவே. சீசன் முழுக்க நால்வரும் சேர்ந்து செய்த பிழை நாற்பத்தொன்று. அந்தச் சின்ன லீக்கின் வரலாற்றிலேயே அதுதான் குறைவு. எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? எழுதியவனே நான்தான்.

அந்தக் காலத்தில் உள்ளூர்ப் பத்திரிகைக்காரன்தான் அணியின் அதிகாரபூர்வ ஸ்கோரர். லோவெல் ப்ரூயிட் என்று பெயர் போட்டு ஆட்டச் செய்தி எழுதுவேன். அதற்கு முன்னால், மைதானத்து மேல்மாடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பந்துக்கும் தீர்ப்பு எழுதுவேன். தடுப்பவன் சாதாரணமாகப் பிடித்திருக்கக் கூடிய பந்தை விட்டுவிட்டானா? அவன்மேல் பிழை. யாராலும் பிடித்திருக்க முடியாதா? அப்படியானால் அது அடித்தவனுக்கு ஹிட். பிழையால் வந்த ரன் பந்து வீசியவன் தலையில் ஏறாது. ஹிட்டால் வந்த ரன் ஏறும். ஒரே பந்து, ஒரே பென்சில். ஒருவனுடைய பேர் தப்பிக்கும், இன்னொருவனுடையது கெடும்.

போன குளிர்காலத்தில் ஊர் பேஸ்பால் கிளப்காரர்களுக்கு ஓர் ஆசை வந்தது. மைதானத்தின் வெளிச்சுவரில் ஊரின் தலைசிறந்த உள்களத்தை ஓவியமாக வரைய வேண்டுமாம். ஐம்பத்தெட்டாம் வருடத்தார், அறுபத்துமூன்று, எழுபத்தேழு, எண்பத்தொன்று என்று நாலு கட்சி, ஊரில் நாலு சண்டை. சரி, கணக்கு சொல்லட்டும் என்று முடிவாயிற்று. என்னிடம் எல்லா வருடத்து ஸ்கோர் புத்தகங்களும் இருந்தன. எனக்குப் பயமே இல்லை. எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுப் பாருங்கள், என் ஆட்கள்தான் மேலே வருவார்கள் என்று தொலைபேசியில் சவால் விட்டேன்.

பிப்ரவரி மாதம் ஒரு ஞாயிறு மதியம், பனியைத் தட்டிக்கொண்டு ஒரு பெண் எங்கள் வீட்டுக்குள் வந்தாள். ஐம்பது வயது இருக்கும். காப்பீட்டுக் கம்பெனியில் ஆபத்துகளைக் கணக்குப் போடுகிற வேலையாம்; பேஸ்பால் கணக்கு பொழுதுபோக்காம். பெயர் கொரின் ஏம்ஸ் என்றாள். கை குலுக்கிவிட்டுச் சொன்னாள்:

"என்னை உங்களுக்குத் தெரியாது, மிஸ்டர் ப்ரூயிட். ஆனா எங்கப்பாவைத் தெரிஞ்சிருக்கும். ஆர்வில் ஸ்ட்ராண்ட்."

காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

"இடது கைக்காரர்," என்றேன். "அவர் பந்து கடைசி நேரத்துல கீழ இறங்கும். தூக்கி அடிக்க முடியாது. எல்லாம் தரையிலேயே உருளும்."

"அவரேதான். போன அக்டோபர்ல தவறிட்டார்."

"அடடா," என்றாள் என் மனைவி ஃபே. "உட்காரும்மா. கேக் சாப்பிடுறியா? லோவெல், என்ன மரம் மாதிரி நிக்கிற, அந்தப் பெட்டியை இறக்கு."

"முதுகு வலிக்குது," என்றேன்.

"நேத்து பனி வாரும்போது வலிக்கலையா?" அவளே பரணில் ஏறி, எழுபத்தேழின் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து மேசைமேல் தொப்பென்று வைத்தாள். நாற்பத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் அவள் எனக்குச் செய்த ஒரே துரோகம் அதுதான். அதுவும் தெரியாமல் செய்தது.

கொரின் பெட்டியைத் தடவிப் பார்த்தாள். "சுவத்துல யார் மூஞ்சி வந்தாலும் எனக்குக் கவலை இல்லை. கிளப் கேட்டுச்சு, செய்யறேன். எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான். அப்பா நிஜமாவே மட்டமான வீச்சாளரா? ஆகஸ்ட்ல அவரை அணியை விட்டு அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் டயர் ஃபேக்டரில முப்பத்தோரு வருஷம். எங்க அம்மா சாகுற வரைக்கும், 'உங்கப்பா நல்லா போட்டாரு'ன்னு சொல்லிட்டே இருந்தாங்க. அவர் மட்டும், 'இல்லை, நான் அந்த அளவு இல்லை'ன்னு முடிச்சுடுவார்."

"பழைய புத்தகத்துல அதெல்லாம் தெரியாதும்மா," என்றேன்.

"தெரியும். நீங்க ஒவ்வொரு பந்தும் எங்க உருண்டுதுன்னு கோடு போட்டிருக்கீங்களே! நான் இருபது ஊர்ப் புத்தகம் பாத்துட்டேன். இவ்வளவு சுத்தமா யாரும் எழுதலை."

என் ஒழுங்கு என்னையே காட்டிக்கொடுத்தது.

அவள் கணக்கு எளிமையானது. அதுதான் அதில் எரிச்சலே. ஹிட்டா பிழையா என்று அவள் பார்ப்பதே இல்லை. உள்களத்தில் உருண்ட நூறு பந்தில் எத்தனையை இந்த நால்வர் அவுட்டாக மாற்றினார்கள் என்று மட்டும் எண்ணுவாள். பந்து எவ்வளவு தள்ளி உருண்டது, அடித்தவன் இடது கையா வலது கையா, மைதானத்து மண் எப்படி என்றெல்லாம் கழித்துக் கூட்டி, சராசரி நால்வரைவிட இவர்கள் எத்தனை ரன்னைத் தடுத்தார்கள் என்று கடைசியில் ஓர் எண்ணைச் சொல்வாள்.

நாலு ஞாயிறு வந்தாள். மற்ற வருடத்துப் பெட்டிகளும் பரணிலிருந்து இறங்கின. பக்கம் பக்கமாகப் படம் பிடித்தாள். அவள் ஏப்ரலைப் புரட்டும்போது நான் பேசிக்கொண்டே இருந்தேன். ஜூனில் பேச்சு குறைந்தது. மூன்றாம் ஞாயிறு அவள் ஆகஸ்டுக்கு வந்தபோது, எழுந்து கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். திரும்பி வந்தால், அந்தப் பக்கம் மேசைமேல் திறந்திருக்கிறது.

"ஆகஸ்ட் ஒன்பது," என்றாள். "ஏழாவது இன்னிங்ஸ். அப்பா வீசுறார். இங்க ஆறாம் எண் மேல பிழைன்னு எழுதி, அடிச்சுட்டு, ஹிட்னு மாத்தியிருக்கீங்க."

ஆறாம் எண் என்றால் ஷார்ட்ஸ்டாப்.

"பந்து எகிறிடுச்சு," என்றேன். "கல்லோ என்னமோ. அன்னிக்கு மாடத்துலேருந்து சரியா தெரியலை. இருபத்துநாலு மணி நேரத்துக்குள்ள தீர்ப்பை மாத்தலாம்னு விதி இருக்கு."

அவள் தலையாட்டி, தன் குறிப்பேட்டில் 'கல்' என்று எழுதிக்கொண்டாள். அப்படியே நம்பிவிட்டாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை.

கல்லும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. மூன்று பேஸிலும் ஆள், இரண்டு பேர் அவுட், ஆட்டம் சமன். ஸ்ட்ராண்ட் போட்ட பந்தை அடித்தவன் தரையில் தட்டினான். பந்து நேராக ஹாலோவேயிடம் உருண்டு வந்து, அவன் இரண்டு கால்களுக்கு நடுவே போயிற்று. இரண்டு ரன். அடுத்தவன் வேலிக்கு வெளியே தூக்கினான், இன்னும் மூன்று. நான் பிழை என்று எழுதினேன், அந்த ஐந்து ரன்னும் ஸ்ட்ராண்ட் தலையில் ஏறவில்லை. மறுநாள் காலை நான் முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்த உணவகத்தில், ஹாலோவே எதிரே வந்து உட்கார்ந்தான்.

"லோவெல், நான் பிழை இல்லாம ஐம்பத்துநாலு ஆட்டம் ஆடியிருக்கேன். சாதனை ஐம்பத்தேழு. வெள்ளிக்கிழமை பெரிய லீக்லேருந்து என்னைப் பாக்க ஆள் வர்றான். பந்து எகிறிச்சுப்பா. நீ பாக்கலை?"

"பாத்தேன். எகிறலை."

"எனக்காக எகிறிச்சுன்னு வெச்சுக்கோயேன்," என்று சிரித்தான். அவன் சிரித்தால் யாருக்குத்தான் மறுக்க மனம் வரும்? லீக் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்து மாற்றினேன். பத்து நிமிட வேலை. ஐந்து ரன்னும் ஸ்ட்ராண்ட் கணக்கில் ஏறின. ஒன்பது இன்னிங்ஸுக்கு அவன் கொடுத்த ரன் 3.9இலிருந்து 4.3 ஆனது. அன்று மதியமே மேலிருந்து உத்தரவு: ஒரு வீச்சாளரைக் கழித்துக் கட்டு. அந்த இடத்துக்கு இரண்டு பேர் இருந்தார்கள். இன்னொருவன் 4.1. மேனேஜர் தாளைப் பார்த்தான், பெரியதாக இருந்த எண்ணைக் கழித்தான். ஸ்ட்ராண்ட் பையை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடந்ததை நான் பத்திரிகை அலுவலக ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவனைப் பற்றி இரண்டு வரி எழுதினேன். பெரிய லீக் ஆள் வெள்ளிக்கிழமை வந்தான், வேர்க்கடலை தின்றான், போனான். ஹாலோவேயை எவனும் கூப்பிடவில்லை.

நான்காம் ஞாயிறு கொரின் முடிவோடு வந்தாள். கணினித் திரையை என் பக்கம் திருப்பினாள். முதலிடம் ஐம்பத்தெட்டு. ஒரு குடிகாரனை மூன்றாம் பேஸில் வைத்து ஆடிய உள்களம்! எழுபத்தேழு எங்கே என்று மேலிருந்து தேடினேன். கடைசியில் இருந்தது. சராசரி உள்களத்தைவிட இருபத்தாறு ரன் மோசம்.

"என்ன கண்றாவி இது!" என்று கத்திவிட்டேன். "நாற்பத்தொரு பிழைதான்மா! லீக்லயே குறைவு!"

"பந்துகிட்ட போய்ச் சேராதவங்க பிழையும் பண்ண மாட்டாங்களே, மிஸ்டர் ப்ரூயிட். ஹாலோவேக்கு இடது பக்கம் ரெண்டு அடி தள்ளிப் போன பந்தெல்லாம் ஹிட். மத்த வருஷத்து ஷார்ட்ஸ்டாப்புங்க அதுல பாதியைப் பிடிச்சிருக்காங்க."

"இந்தக் கம்ப்யூட்டர் என்னிக்காவது ஒரு பந்து பிடிச்சிருக்கா?"

"நீ பிடிச்சிருக்கியா?" என்றாள் ஃபே அடுப்படியிலிருந்து.

உண்மையைச் சொன்னால், அந்த நாளில் எனக்குக் கணக்கே தேவைப்படவில்லை. ஹாலோவே பாய்வதே அத்தனை அழகு. பந்து தப்பினாலும் தூசி அடங்கும்வரை கைதட்டத் தோன்றும். அந்த அழகைப் பார்த்துப் பார்த்து, அவன் தொடாததெல்லாம் தொட முடியாதது என்று சீசன் முழுக்க மனசாரவே எழுதியிருக்கிறேன். ஆகஸ்ட் ஒன்பது ஒன்றுதான் தெரிந்தே செய்தது.

கொரின் இன்னொரு தாளை எடுத்தாள்.

"இது அப்பாவுது. அவர் பந்துதான் அந்த அணியிலேயே அதிகமா தரையில உருண்டுருக்கு. அதனால இந்த உள்களத்தால அதிகமா அடி வாங்கினதும் அவர்தான். சாதாரணமான நாலு பேர் பின்னால நின்னிருந்தாலே 3.2. அந்த வருஷம் லீக்ல மூணாவது இடம்." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அம்மா சொன்னதுதான் சரி. இதுலயும் அந்த ஆகஸ்ட் ஒன்பதை மட்டும் யாராலயும் பிடிக்க முடியாத பந்துன்னே விட்டுட்டேன். கல்லுன்னு நீங்களே சொன்னீங்களே. உங்களை மீறி நான் என்ன சொல்றது?"

அவள் என்னை அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். அந்த மரியாதையைத் தாங்க முடியவில்லை.

"கல்லு இல்லைம்மா," என்றேன்.

உணவகம், சிரிப்பு, தொலைபேசி, மதியத்து உத்தரவு, 4.1 வாங்கிய இன்னொருவன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் மென்று முழுங்கவில்லை. ஃபே ஈரக் கையோடு வாசற்படியில் வந்து நின்றாள். அவளுக்கும் இது தெரியாது. என்னையே பார்த்துவிட்டு உள்ளே போனாள். தண்ணீர்க் குழாய் ரொம்ப நேரம் ஓடியது.

கொரின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டட்டும் என்றுதான் சொன்னேன்.

"அப்பாவும் அதைப் பாத்திருக்கார்," என்றாள் கடைசியாக. "பந்து கால் நடுவுல போச்சுன்னு அவர் கண்ணாலயே பாத்தார். மறுநாள் பேப்பர்ல ஹிட்னு வந்துது. அம்மா போய் ஸ்கோரர்கிட்ட கேளுங்கன்னு சண்டை போட்டிருக்காங்க. அவர் போகலை. 'ப்ரூயிட் நேர்மையான மனுஷன், மேலேருந்து முழுசா பாக்குறவர். அவர் ஹிட்னா அது ஹிட்தான், நான்தான் ஆத்திரத்துல தப்பா பாத்திருக்கேன்'னார்."

"ஐயோ," என்றேன்.

"அடுத்த மாசமே இண்டியானாலேருந்து ஒரு அணி அவரைக் கூப்பிட்டுது. போகலை. லீக்லயே நல்ல உள்களம் பின்னால இருந்தும் என் பந்து நிக்கலை, இனிமே எங்க நிக்கப் போகுதுன்னுட்டு ஃபேக்டரில சேந்துட்டார்."

ஏதாவது செய்துவிட வேண்டும் என்று எனக்குத் துடித்தது. எழுதித் தருகிறேன், கையெழுத்துப் போடுகிறேன், லீக்கில் சொல்லித் திருத்தச் சொல்கிறேன் என்று உளறினேன். அந்த லீக்கை மூடியே நாற்பது வருடம் ஆகிறது. விதி இருபத்துநாலு மணி நேரம்.

"யாருக்கு எழுதுவீங்க?" என்றாள். கோபமே இல்லாத குரல். "அம்மா இல்லை. அவரும் இல்லை. அவர் நல்லா போட்டார்னு இப்ப எனக்குத் தெரியும். இதை நான் யார்கிட்ட போய்ச் சொல்றது, மிஸ்டர் ப்ரூயிட்?"

அவள் தாள்களை அடுக்கினாள், கோட்டை மாட்டினாள், அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்து கேக்குக்கு ஃபேயிடம் நன்றி சொன்னாள். என் கையையும் குலுக்கிவிட்டுத்தான் போனாள்.