இட்வால் பிடித்து நின்ற கேட்

வேல்ஸ் நாட்டுப் பள்ளத்தாக்கு ஒன்றில், இட்வாலின் ஊர்த் திருவிழாவன்று, மனிதர்களும் குதிரைகளும் சேர்ந்தே மலையைச் சுற்றிப் பந்தயம் ஓடுவார்கள். பக்கத்துப் பண்ணை கெத்தினின் குதிரையை ஒரு தடவையாவது முந்திவிட வேண்டும் என்பது இட்வாலின் ஆசை.

இந்த வருடம் அவர்தான் முன்னால் ஓடினார். மேய்ச்சல் நிலத்து கேட்டைப் பந்தயத்துக்காகத் திறந்தே வைத்திருந்தார்கள். ஆடுகள் அதையே பார்த்துக்கொண்டு நின்றன. தாண்டியதும் இட்வால் பழக்க தோஷத்தில் கேட்டைச் சாத்திக் கொக்கியையும் மாட்டிவிட்டார்.

பின்னாலேயே குதிரையில் கெத்தின் வந்து நின்றார். "டேய், கேட்டை மூடிட்டா நான் பறந்தா வருவேன்?"

"ஆடு ஓடிப்போனா உங்கப்பனா தேடுவான்?" என்று முனகியபடி இட்வால் திரும்பி வந்து திறந்தார். கெத்தினுக்குப் பின்னால் இன்னொரு குதிரை, அப்புறம் மூச்சிரைக்க ஒரு பெருங்கூட்டம். யார் முகத்தில் சாத்துவது? கடைசி ஆள் நன்றி சொல்லிப் போகும்வரை ஆடுகளை விரட்டிக்கொண்டு நின்றார்.

அவர் தள்ளாடி வந்து சேர்ந்தபோது, முடிவுக்கோட்டுக்கு இரண்டடி முன்னால் கெத்தினின் குதிரை நின்றது.

"தாண்ட மாட்டேங்குதுடா, கழுதை," என்றார் கெத்தின், கடிவாளத்தை இறுக்கிப் பிடித்தபடி. "நீ போய்த் தொலை."

அன்று சாப்பாட்டுக்கு முன் இட்வால் செய்த ஜெபத்தில் கெத்தினின் பெயரும் இருந்தது, குதிரையின் பெயரும் இருந்தது.