மேலாளர் நெஞ்சில் மூன்று முட்டை

மர அறுவை மில் மேலாளரின் நெஞ்சுக்குள் காட்டாந்தை ஒன்று குடிபுகுந்தபோது, அங்கே அவ்வளவு இடம் காலியாக இருந்ததில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. பொந்துள்ள மரத்தை அறுக்கும் முன் ஆட்கள் அதைத் தட்டிவிட்டு, உள்ளே இருப்பது வெளியேறும்வரை பீடி பிடித்துக் காத்திருப்பது அந்த மில்லின் வழக்கம். முதலாளி எள் என்றால் எண்ணெயாக நிற்கும் மேலாளர், அது சோம்பேறிகளின் சாக்கு என்று நிறுத்திவிட்டார். மறுநாளே ரம்பம் பாய்ந்த கட்டையிலிருந்து கைப்பிடி அளவு ஆந்தை ஒன்று மரத்தூளோடு வெளியே வந்து, சுற்றுமுற்றும் பார்த்து, அவர் சட்டைப் பொத்தான்களுக்கு நடுவே நுழைந்துவிட்டது. ரத்தம் வரவில்லை. வலியும் இல்லை.

இதயம் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டிருக்கிறது, அதற்கு இடைஞ்சல் ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். மேலாளரின் மனைவிக்கு அது புதுச் செய்தி அல்ல. ஆந்தை அந்தியில் கிளம்பும். விட்டில், கரப்பான், கொசு எதையும் விடாமல் தின்றுவிட்டு விடியும் முன் திரும்பும். கல்யாணமான நாளிலிருந்து அவர் வீட்டுக்குச் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். அதையும் அவர் செய்யவில்லை.

ஒருநாள் முதலாளி பேசப் பேச அவர் தலையாட்டிக்கொண்டிருந்தபோது, ஆந்தை காலர் வழியே எட்டிப் பார்த்துக் கொட்டாவி விட்டது. முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். மானம் போயிற்று என்று மேலாளர் வீட்டுக்கு வந்து, ஆந்தையை விரட்டப் பழைய சாக்கைக் கொளுத்தி, சட்டையைத் திறந்து புகைமேல் குனிந்தார். மனைவி ஒரு வாளித் தண்ணீரைச் சாக்கின்மேல் கொட்டினாள்.

“நேத்து நீங்க தூங்கும்போது டார்ச் அடிச்சுப் பாத்தேன். உள்ள மூணு முட்டை இருக்கு. அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா எங்கக்கா வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வர மாட்டேன்.”

“எனக்காக என்னைக்காவது இப்படிப் பேசியிருக்கியா?”

அவள் நேர்மையாக யோசித்துப் பார்த்தாள். “இல்லைங்க.”

மேலாளருக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. எனவே பணிந்தார். மில்லுக்கு லீவு போட்டு, வந்த இருமலையும் அடக்கி, நாற்காலியில் அசையாமல் அடைகாத்தார். பக்கத்து வீட்டார் வந்து முட்டைகளை நலம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

குஞ்சு பொரித்த மாலையில், கல்யாணமாகி முதல் தடவையாக, அவள் அவர் நெஞ்சில் காது வைத்தாள். வைத்த காதை எடுக்கவே இல்லை. அந்த மனுஷர் கண் கலங்கிப்போய், அவள் தலையை மெல்லத் தடவினார்.

“அசையாதீங்க,” என்றாள் அவள். “ஒண்ணும் கேக்கல.”

அவர் அசையவில்லை.