இன்னொரு கூண்டு

தாய் முயல் மறுபடியும் மூலையில் பின்னங்காலை ஊன்றி எழுந்து நின்றுகொண்டிருந்தது. கீழே ஆறு குட்டிகள். ஒவ்வொன்றும் அம்மாவில் பாதி வளர்ந்தாயிற்று, தீவனத்தைக் கொறித்துத் தள்ளுகின்றன, ஆனாலும் பாலுக்கு முட்டுவதை விடவில்லை. கால் ஓய்ந்து தாய் கீழே இறங்கினால் போதும், மொய்த்துவிடும். மடியெல்லாம் சிவந்து கீறல். பால் கட்டிக்கொண்டால் பிழைக்காது என்று கால்நடை டாக்டர் சொல்லிவிட்டார். குட்டிகள் பழகின இடத்திலேயே இருக்கட்டும், தாயை மட்டும் வேறு கூண்டுக்கு மாற்றுங்கள் என்றார்.

வேறு கூண்டு. அதற்குத்தான் அவள் நாயாய் அலைகிறாள்.

இத்தனைக்கும் புருஷன் தச்சர். ஊரில் பாதிக் கதவு அவர் கைவேலை. சொந்த வீட்டுக்கு என்றால் மட்டும் உளி கண்ணில் படாது. கேட்டால் நாளைக்கு என்பார். மறுநாள் கேட்டால், பச்சைப் பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரிக்க அப்படி என்ன அவசரம் என்று அவளையே கல்நெஞ்சக்காரி ஆக்கிவிடுவார்.

"பால் குடுக்கறது நீங்களா, அதுவா?" என்று நேற்று கேட்டாள்.

அவர் பட்டறைக்குப் போய் நகைக்கடைக்காரரின் செருப்பு அலமாரியை இழைக்க உட்கார்ந்துவிட்டார். காற்றுப் போகச் சட்டம் சட்டமாகக் கதவு வைத்தது. செருப்புக்குக் காற்று வேண்டுமாம். பாலிஷ் போடும் முன் ஒரு பார்வை பார்க்கக் கடைக்காரர் காலையில் வருவதாக ஏற்பாடு.

விடிந்தும் விடியாமலும் அவள் பட்டறைக்குள் நுழைந்தாள். அலமாரியின் நடுத்தட்டை உருவினாள். வைக்கோல், தண்ணீர்க் கிண்ணம், பிறகு முயல். குட்டிகள் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. தீவனம் வைத்திருந்தாள்.

வாசலில் கார் ஹாரன் கேட்டபோதுதான் அவர் ஈரத் தலையோடு பட்டறைக்கு வந்து அலமாரிக் கதவைத் திறந்தார். ஓரச் சட்டத்தில் பல் தடம்.

"என்னடி இது?"

"கூண்டு."

"வந்து நிக்கிறாரே, அவருக்கு என்ன சொல்றது?"

"நாளைக்குன்னு சொல்லுங்க. உங்களுக்குத்தான் நல்லா வருமே."

அவர் திட்ட வாயெடுத்தார். உள்ளே முயல் பக்கவாட்டில் சரிந்து, நாலு காலையும் நீட்டிப்போட்டு, துணி மாதிரிக் கிடந்தது. அது அப்படிப் படுத்து அவர் பார்த்ததே இல்லை. வயிறு மட்டும் மெல்ல ஏறி இறங்கியது. கொக்கி சத்தம் போடாதபடி, விரலைக் கொடுத்து, கதவை மெதுவாகச் சாத்தினார்.

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.