பெயர்ந்தவர்களும் பெயர்த்தவர்களும்

டெல்சி வேலை செய்யும் பதிப்பகத்தைப் பற்றி யாரும் கேட்டால், அவளுடைய அம்மா டொறத்தி, "புத்தகம் அடிக்கிற இடம்" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். என்ன புத்தகம் என்று மேலும் கேட்டால், "அமெரிக்காப் புத்தகம்" என்பாள். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹேயில், ஒரு பல் வைத்தியருக்கு மேல்மாடியில் இருந்தது அந்தப் பதிப்பகம். அமெரிக்காவின் மாநிலங்களையும் மாவட்டங்களையும் சிற்றூர்களையும் பற்றி அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் எழுதியவற்றை ஜெர்மன் மொழியில் கொண்டுவருவது அதன் தொழில். ஒஹாயோவில் கால்வாய் வெட்டிய கதை, டக்கோட்டாவின் மரத் தேவாலயங்கள், கென்டக்கியில் வேலி அடைத்த முறைகள். வேலிப் புத்தகம் இரண்டாம் பதிப்பு கண்டது. ஏனென்று பதிப்பகத்தில் யாருக்கும் தெரியவில்லை. டொறத்தி அந்த ஒன்றை மட்டும் வாங்கிப் படம் பார்த்துவிட்டு, "அங்கையும் வேலியிலைதான் சண்டை போல" என்று திருப்பிக் கொடுத்தாள்.

டெல்சியின் பெற்றோர் மன்னாரில் இருந்து அகதிகளாக வந்தவர்கள். டெல்சி பிறந்தது ஜெர்மனியில். பல்கலைக்கழகத்தில் அமெரிக்க வரலாறு படித்து, இந்தப் பதிப்பகத்தில் சேர்ந்து, இங்கேயே இருந்துவிட்டாள். தகப்பன் செத்த பிறகு தாயும் மகளும் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

அந்த வருடம் அவள் கையில் இருந்தது மிசூரி மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் வரலாறு. எழுதியவர் ரூத் கெல்னர், ஓய்வுபெற்ற பேராசிரியை. அந்தச் சிற்றூரின் பெயர் நியூ டான்பாக். பழைய டான்பாக், கார்ல்ஸ்ரூஹேயில் இருந்து ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில், காட்டோரத்தில் இருந்தது. தங்கள் ஊரில் இருந்து போனவர்கள் அமெரிக்காவில் ஓர் ஊரையே உண்டாக்கினார்கள் என்று அறிந்ததும் பழைய டான்பாக்கின் மேயர் மிகவும் மகிழ்ந்தார். அச்சுச் செலவில் ஒரு பங்கை ஊர் ஏற்கும் என்றார். விழா வைக்கலாம், வாத்தியக் குழு வாசிக்கும், ஆசிரியையை அழைக்கலாம் என்றார். ஊர்ச் சபைக் கட்டிடமான ராட்ஹவுஸின் சுவரில் பதிக்க ஒரு கல்லும் செய்வித்தார். "துணிவோடு புறப்பட்டுப் புதிய டான்பாக் கண்ட எம் மக்களின் நினைவாக" என்று அதில் வெட்டியிருந்தது.

கல்லெல்லாம் வெட்டி முடிந்த பிறகு மேயர் புத்தகத்தைப் படித்தார்.

"எல்லாம் சிறப்பாக இருக்கிறது," என்றார் தொலைபேசியில். "நான்காம் அதிகாரம் மட்டும் கொஞ்சம் நீளம்."

"இருப்பதிலேயே அதுதான் சின்ன அதிகாரம்," என்றாள் டெல்சி.

"சின்னதுதான். படிக்கும்போது நீளமாக இருக்கிறது."

நான்காம் அதிகாரத்தில் இருந்தது இதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருளைக்கிழங்கு பொய்த்த வருடங்களில் டான்பாக்கின் ஊர்ச் சபை, தனக்குச் சொந்தமான ஓக் மரக் காடு ஒன்றை விற்றது. வந்த பணத்தில், ஊர் சோறு போட வேண்டியிருந்தவர்களை எல்லாம் கப்பலேற்றியது. விதவைகள், குடிகாரர்கள், கல்யாணமாகாமல் பிள்ளை பெற்ற பெண்கள், கோழி திருடிய ஒருவன். போகிறீர்களா என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. அவர்களை ஏற்றிய வண்டிகள் ஊரெல்லையைத் தாண்டிய அன்றே அவர்களுடைய வீடுகளை இடித்தார்கள். திரும்பி வந்துவிடக் கூடாது என்பதற்காக.

டெல்சி பதிப்பாளரிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் நல்ல மனிதர். கவனமாகக் கேட்டார். தனக்குக் கீழே பல் வைத்தியரிடம் நேரம் குறித்து வாங்கிய ஒரு டெர்மின் இருக்கிறது என்று சொல்லி இறங்கிப் போனார். அந்த வாரம் முழுவதும் மேலே வரவில்லை. "உங்களுக்குச் சரியென்று படுவதைச் செய்யுங்கள்" என்று ஒரு குறுஞ்செய்தி மட்டும் வந்தது.

அன்று பின்னேரம் புட்டு அவித்து முடித்து இருவரும் சாப்பிட உட்கார்ந்தபோது டெல்சி தாயிடம் கதையைச் சொன்னாள்.

"காசு குடுத்தோ அனுப்பினவை?" என்றாள் டொறத்தி.

"ஓம். கப்பல் காசு, வழிச்சாப்பாடு, எல்லாம் ஊர்ச்சபைதான்."

"எங்களுக்கு ஒருத்தரும் தரேல்லை. நாங்கள் ஏஜென்சிக்குக் காசு கட்டியெல்லோ வந்தனாங்கள்."

"அம்மா, இது வேறை கதை."

"வேறை கதைதான். அவையின்ரை வீட்டை இடிச்சது ஆரெண்டு அவைக்குத் தெரியும். எங்கடை வீட்டிலை விழுந்த ஷெல்லிலை ஒருத்தற்றை பேரும் எழுதியிருக்கேல்லை." டொறத்தி மகளின் கோப்பையில் இன்னும் கொஞ்சம் கறி விட்டாள். "அப்ப, அந்த அதிகாரத்தை எடுக்கப் போறியோ?"

"எடுத்தா மூண்டிலையிருந்து அஞ்சுக்குத் தாவ வேணும். மூண்டாம் அதிகாரத்திலை சனம் டான்பாக்கிலை இருக்குது. அஞ்சாம் அதிகாரத்திலை மிசூரியிலை இருக்குது."

"பறந்து போனதெண்டு நினைப்பினம்."

டெல்சிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் இரவு படுக்கப் போகும்போது சிரிப்பு இருக்கவில்லை. அந்த அதிகாரத்தை மொழிபெயர்த்தவள் அவளே. வண்டிகள் எல்லை தாண்டிய பக்கத்தை முடித்த நாளில், அவள் வழக்கத்துக்கு மாறாக நேரத்தோடு வீட்டுக்கு வந்து, காரணம் சொல்லாமல் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து நாடகம் பார்த்திருந்தாள்.

மேயர் நேரில் பேச அழைத்தார். டான்பாக் ராட்ஹவுஸின் படிகளில் ஏறும்போது டெல்சி அவற்றை எண்ணிக்கொண்டு போனாள். இப்படியான படிகளில் சின்ன வயதிலேயே தாய் தகப்பனோடு ஏறியவள் அவள். நாட்டில் இருக்க இன்னும் ஆறு மாதம் தாருங்கள் என்று கேட்பதற்காக ஏறிய படிகள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பார்க்காமலே முத்திரை குத்துவார், அல்லது குத்தமாட்டார். இன்று மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் எழுந்து வந்து அவளுக்குக் கோப்பி ஊற்றினார். பிளம்ஸ் கேக் வெட்டி வைத்தார். அவளிடம் கேட்க வேண்டியவராக இருந்தார்.

"முழு அதிகாரத்தையும் எடுக்கச் சொல்லவில்லை," என்றார். "சில சொற்கள்தான். 'ஊர் அவர்களை அனுப்பியது' என்று இருக்கிறது. 'அவர்கள் போக ஊர் உதவியது' என்று போடலாமே?"

"அவர்கள் உதவி கேட்கவில்லையே."

"'வீடுகளை இடித்தார்கள்' என்று இருக்கிறது. 'வீடுகள் அகற்றப்பட்டன' என்றால்?"

"அதுவும் இடித்ததுதான்."

"ஆமாம். ஆனால் சத்தம் குறைவு."

டெல்சி கேக்கை ஒரு துண்டு தின்றாள். நன்றாக இருந்தது. "எங்கள் மொழியில் 'பெயர்ந்தார்கள்' என்று ஒரு சொல் இருக்கிறது," என்றாள். "தாங்களாக இடம் மாறினார்கள் என்று அர்த்தம். 'பெயர்த்தார்கள்' என்று இன்னொன்று. மற்றவர்கள் பிடுங்கி எடுத்தார்கள் என்று அர்த்தம். இரண்டுக்கும் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம்."

மேயர் யோசித்தார். "அந்த ஓர் எழுத்தை விட்டுக்கொடுக்க முடியாதா?"

"முடியாது," என்றாள் டெல்சி. இப்படிச் சொல்வதற்காக அவள் வரவில்லை. பேசிப் பார்த்து, இரண்டு சொற்களை மாற்றிக்கொடுத்துவிட்டு வரலாம் என்றுதான் காரில் நினைத்துக்கொண்டு வந்தாள். சொல்லிவிட்டு இன்னொரு துண்டு கேக் எடுத்தாள்.

"அப்படியானால் அச்சுச் செலவுக்கு எங்கள் பங்கு இல்லை. விழா நடக்கும். புத்தகம் மேடையில் இருக்காது. நான் உங்கள் பதிப்பாளரோடு பேச வேண்டும்."

"அவர் பல் வைத்தியரிடம் இருக்கிறார்."

"போன வாரமும் அங்கேதான் இருந்தார்."

"பல் நிறைய," என்றாள் டெல்சி.

புத்தகம் முழுதாக அச்சுக்குப் போனது. நான்காம் அதிகாரம் இருக்கிறது, ஊரின் பங்கு இல்லை என்று பதிப்பாளருக்கு எழுதினாள். "வலி அதிகமாகிவிட்டது" என்று பதில் வந்தது. நடந்ததை ரூத் கெல்னருக்கும் எழுதினாள். "வருகிறேன். கொஞ்சப் பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்" என்று அவர் எழுதினார்.

விழா ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேவாலயத்தில் பூசை முடிந்து நேரே போவதாக இருந்ததால் டொறத்தியும் காரில் ஏறினாள். பின்பக்கத்தில் புத்தகப் பெட்டிகள் இருந்தன. அவற்றின் மேல் டொறத்தி விடியவே எழும்பிப் பொரித்த ரோல்ஸ் இரண்டு தட்டு.

"விழாவிலை எங்களை ஒருத்தரும் தேட மாட்டினம் அம்மா. கோவமா இருக்கினம்."

"கோவமா இருக்கிற இடத்துக்கு வெறுங்கையோடை போறதோ?"

டான்பாக் சதுக்கத்தில் வாத்தியக் குழு வாசித்துக்கொண்டிருந்தது. சுவரில் கல்லைத் துணியால் மூடியிருந்தார்கள். சதுக்கத்தை அடுத்த வெறும் நிலத்தில் பெரிய பஸ் ஒன்று வந்து நின்றது. அதில் இருந்து நாற்பது பேரளவில் இறங்கினார்கள். எல்லோரும் ஒரே மஞ்சள் ரீசேர்ட். முதுகில் பெரிய எழுத்தில், தவறில்லாத ஜெர்மனில், "டான்பாக்கில் இருந்து துரத்தப்பட்டோர் சங்கம், மிசூரி" என்று எழுதியிருந்தது.

வாத்தியக் குழு அந்தப் பாட்டை முடித்தது. அடுத்த பாட்டைத் தொடங்கவில்லை.

முன்னால் ஊன்றுகோலோடு வந்தவர் ரூத் கெல்னர். மேயர் அவருக்குக் கைகொடுத்தார். பிறகு மேடைக்குப் போய்க் கையில் இருந்த உரையைப் படிக்கத் தொடங்கினார். எழுதியது அது ஒன்றுதான் அவரிடம் இருந்தது.

"துணிவோடு புறப்பட்ட எம் மக்களே..."

"துணிவு இல்லை," என்றார் ரூத் கீழே இருந்து. அவர் பேசிய ஜெர்மன், டான்பாக்கின் வயதானவர்கள் மட்டும் இப்போது பேசும் ஜெர்மனாக இருந்தது. "குடி. என் பூட்டன் குடிகாரர் என்றுதான் அனுப்பினீர்கள். அங்கே போயும் குடித்தார். பிறகு பியர் ஆலை கட்டினார். அதில் பாதி ஊருக்கு வேலை கிடைத்தது."

அவருக்குப் பக்கத்தில் நின்ற பெரிய மனிதர் ஒருவர், தான் கோழி திருடியவனின் வழி என்று சந்தோஷமாக அறிவித்தார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று மேயர் மரியாதைக்குக் கேட்டார். நீதிபதி என்றார் அவர்.

பிறகு ரூத் கேட்டார்: "வீடுகள் எங்கே இருந்தன?"

மேயர் உரையைப் பார்த்தார். அதில் அது இல்லை. கூட்டத்தின் பின்னால் இருந்து வயதான ஒருவர் கையை நீட்டினார். "பஸ் நிற்கிற இடம்," என்றார். "அங்கே எப்போதும் ஒன்றும் கட்டவில்லை. ஏனென்று எங்களுக்குச் சொல்லவில்லை. காடும் நல்ல காடு என்பார் என் தகப்பன். மலிவாக விற்றுவிட்டார்களாம்."

மஞ்சள் சட்டைக்காரர்கள் வந்த வழியே திரும்பி நடந்தார்கள். சாரதி பஸ்ஸைத் தள்ளி நிறுத்தினார். கீழே சரளைக் கல்லும் எண்ணெய்க் கறையும்தான் இருந்தன. அவர்கள் அதன் மேல் ஆளுக்கொரு பக்கமாக நின்றார்கள். நீதிபதி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். சிறிது நேரம் கழித்து டான்பாக் சனமும் ஒவ்வொருவராக வந்து ஓரத்தில் நின்றது. மேயரும் வந்தார். உரையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டார்.

டொறத்தி சரளையின் நடுவுக்குப் போய்ச் சிலுவை அடையாளம் போட்டாள்.

"ஏனம்மா?" என்றாள் டெல்சி மெல்ல.

"வீடு இருந்த இடமெல்லே."

டெல்சி தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தட்டைக் காரில் இருந்து எடுத்துவரச் சொல்லித் தாய் கையை உதறிய பிறகுதான் நகர்ந்தாள்.

ரோல்ஸ் நீட்டியபோது ரூத் டொறத்தியிடம் கேட்டார்: "நீங்களும் இந்த ஊரா?"

"இல்லை. மன்னார்," என்றாள் டொறத்தி ஜெர்மனில். "இலங்கை."

"உங்களையும் அனுப்பினார்களா?"

"நாங்கள் ஓடிவந்தோம். யாராவது அனுப்பியிருந்தால் சாமான் கட்ட நேரம் கிடைத்திருக்கும்."

ரூத் தலையை ஆட்டினார். ரோல்ஸ் உறைப்பாக இருக்கிறது என்றார். இன்னொன்று எடுத்தார்.

புத்தகங்களை டெல்சி காரின் பின்பக்கத்தைத் திறந்து வைத்து விற்றாள். பெட்டிகள் காலியாயின. மேயர் இரண்டு வாங்கினார். கல்லின் துணியை அன்று யாரும் விலக்கவில்லை. இலையுதிர்காலம் வரை ஊர்ச் சபை கூடிக் கூடிப் பேசி, "துணிவோடு புறப்பட்டு" என்ற சொற்களை நீக்கி, "எம் ஊர் வெளியேற்றிய" என்று போட்டுப் புதிய கல் வெட்டியது. வயதானவரின் பிடிவாதத்தால் அதில் ஓக் காடும் சேர்ந்தது.

பதிப்பாளர் மேலே வந்தார். பற்கள் எல்லாம் முன்பு போலவே இருந்தன. நான்காம் அதிகாரத்தின் பக்கம்தான் தான் எப்போதும் நின்றதாகச் சொன்னார். டெல்சி அவருக்குக் கோப்பி போட்டுக் கொடுத்தாள்.

நவம்பரில் ஒரு நாள் தொலைபேசி அடித்தது. டான்பாக்கின் பக்கத்து ஊர் மேயர். டான்பாக்குக்கு மிசூரிக்காரரின் இரண்டாவது பஸ்ஸும் வந்துபோய்விட்டது, அந்த ஊர் விடுதியில் இடமே இருக்கவில்லை என்று கேள்விப்பட்டதாகச் சொன்னார். பிறகு கேட்டார்:

"நாங்களும் யாரையாவது துரத்தியிருப்போமா? பார்த்துச் சொல்ல முடியுமா?"

"எந்தக் காலம் என்று பார்க்க வேண்டும்?" என்று கேட்டாள் டெல்சி.

"உங்களுக்கு வசதியான காலம்," என்றார் அவர்.

பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டு, அந்த ஊர்க்காரர் யாராவது அங்கே வந்து இறங்கினார்களா என்று கேட்டு டெல்சி ரூத் கெல்னருக்கு எழுத உட்கார்ந்தாள்.