நிறம் மாறாத சக்கரம்

கார் கழுவுகிற எங்கள் கடையில் நான் சக்கரம் மட்டும்தான் பார்ப்பேன். கூரை, கண்ணாடி, இருக்கை என்று மற்றவர்கள் எதை வேண்டுமானாலும் துடைத்துக்கொள்ளட்டும், முட்டிக்குக் கீழே வந்துவிட்டால் அது என் ராஜ்ஜியம். பதினோரு வருடமாக இதே வேலை. அலாய் வீலோடு வருகிறவர்களில் பாதிப் பேர் என்னிடம் திட்டு வாங்காமல் போனதில்லை. பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரால் பரபரவென்று தேய்த்துவிட்டு, கீறல் விழுந்தபின் ஓடிவருவார்கள். சிலர் வண்டியை நிறுத்திய கையோடு சக்கரம் கழுவுகிற மருந்தை அடிக்கச் சொல்வார்கள். சூடான சக்கரத்தில் மருந்து காய்ந்தால் திட்டுத் திட்டாகக் கறை பிடிக்கும். அப்புறம் தலைகீழாக நின்றாலும் போகாது.

இத்தனை வாய் பேசுகிற நான்தான் அந்தச் சனிக்கிழமை பெரிய தப்பைச் செய்தேன்.

என் அத்தான், அதாவது அக்கா வீட்டுக்காரர், இரண்டு மாதத்துக்கு முன்னால் கைமாறி வந்த கார் ஒன்றை வாங்கியிருந்தார். எஞ்சினைத் திறந்து பார்த்தாரோ இல்லையோ, நாலு அலாய் வீலும் மின்னியதைப் பார்த்து விழுந்துவிட்டார். எனக்கும் அவருக்கும் எப்போதும் ஏட்டிக்குப் போட்டிதான். என்னை வாயாடி என்றுதான் கூப்பிடுவார். ஆனாலும் சக்கரம் என்று வந்தால் என்னைத் தவிர யாரையும் தொடவிடமாட்டார். போன மாதம்தான் நாலையும் கழற்றி, உள்பக்கம் வெளிப்பக்கம் எல்லாம் துடைத்து, தூசி ஒட்டாமல் இருக்கக் கோட்டிங் போட்டுக் கொடுத்திருந்தேன்.

அன்று காலை ஒன்பதரைக்கு அக்காவையும் பாப்பாவையும் ஏற்றிக்கொண்டு வந்து நின்றார். மலைக்கு மேல் இருக்கிற நண்பர் வீட்டில் மதியச் சாப்பாடு. இந்த வண்டியை ஓட்டைத் தகரம் என்று கேலி செய்த நண்பராம். அவர் முன்னால் சக்கரம் பளிச்சென்று இருக்க வேண்டுமாம். சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குக் கிளம்பி இறங்கிவிடுவதாகத் திட்டம். மலையில் மொத்தம் பதினான்கு வளைவுகள்.

பிரேக் போடும்போதெல்லாம் உள்ளே பேடும் டிஸ்க்கும் உரசி இரும்புத் தூள் பறக்கும். அதுதான் சக்கரத்தில் படிகிற கருப்பு. நாங்கள் அடிக்கிற மருந்து இரும்பைக் கண்டால் கத்தரிப்பூ நிறமாக மாறி வழியும். எவ்வளவு தூசியோ அவ்வளவு நிறம். சூடு ஆறும்வரை காத்திருந்து நாலு சக்கரத்துக்கும் மருந்தை அடித்தேன். பின்சக்கரம் இரண்டிலும் லேசாக நிறம் வழிந்தது. முன்னால் வலது பக்கம் கருங்கத்தரியாகக் கொட்டியது. முன்னால் இடது பக்கம் மட்டும், அடித்த மருந்து அடித்தபடியே வழிந்து தரையில் சொட்டியது. நிறமே மாறவில்லை.

என் கை ஒரு நிமிஷம் நின்றது. அதற்குள் அத்தான் பின்னால் வந்து குனிந்து பார்த்து, இந்தச் சக்கரம் மட்டும் இப்படிச் சுத்தமாக இருக்கிறதே என்று வியந்தார். அந்த மனிதர் வாயிலிருந்து பாராட்டு வருவது லேசில் நடக்கிற காரியமா? எல்லாம் என் கோட்டிங் மகிமை, தூசிக்கே உட்காரப் பயம் என்று பீற்றிக்கொண்டேன். அவர் அதைப் படம் வேறு எடுத்துக்கொண்டார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

பிறகு அவர், பிரேக் போட்டால் ஸ்டியரிங் கொஞ்சம் வலது பக்கம் இழுக்கிறது என்றார். வண்டிக்கு ஒன்றுமில்லை, ஓட்டுகிறவர்தான் இழுக்கிறார் என்று நான் எல்லாரும் கேட்கச் சொன்னேன். கடையே சிரித்தது. அத்தானுக்கு முகம் சுருங்கிவிட்டது. பாப்பா மட்டும் கண்ணாடியை இறக்கி எனக்குக் கையாட்டிக்கொண்டே போனாள்.

மூன்று மணி வாக்கில் வேறொரு காரின் சக்கரத்துக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தேன். முன்சக்கரம் இரண்டும் ஒன்றுபோலக் கருத்து வழிந்தன. எந்த வண்டியிலும் அப்படித்தான். முன் பிரேக்குக்குத்தான் வேலை அதிகம். பார்த்துக்கொண்டே இருந்தபோது காலையில் நிறம் மாறாத அந்த இடது சக்கரம் ஞாபகம் வந்தது. நாலு சக்கரத்துக்கும் நான் போட்டது ஒரே பாட்டில் கோட்டிங், ஒரே மத்தியானம். கோட்டிங் போட்டால் தூசி சுலபமாகப் போகுமே தவிர, வராமலே இருக்காது. தூசி வராமல் இருக்க ஒரே வழிதான் உண்டு. அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடிக்கக் கூடாது.

பிரஷ்ஷை அப்படியே போட்டுவிட்டு அக்காவுக்குப் போன் செய்தேன். மணி எங்கள் கடைக்குள்ளேயே அடித்தது. காலையில் சார்ஜ் போட்டுவிட்டு மறந்து போயிருக்கிறாள். கார் துடைக்கிற துண்டுகளுக்கு நடுவே அது வெளிச்சம் காட்டிக் காட்டி அணைந்தது. அத்தானுக்கு அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மலை உச்சியில் சிக்னல் கிடையாது, மேலிருந்து நாலாவது வளைவுக்குக் கீழேதான் வரும்.

பக்கத்துப் பட்டறைக்கு ஓடினேன். அங்கே இருக்கும் மெக்கானிக்குக்கு அரைவார்த்தை என்று பெயர். எதையும் முழுசாகச் சொல்லமாட்டார். நான் மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். ஸ்டியரிங் வலது பக்கம் இழுத்ததைச் சொன்னதும் அவர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"ஏறும்போது தெரியாது" என்றார். "இறங்கும்போது, மத்த மூணும் சூடாகிப்போச்சுன்னா..."

மீதியைச் சொல்லவில்லை. சூடு மிஞ்சினால் பிரேக்கே பிடிக்காது என்று எனக்கே தெரியும். பைக்கை எடுத்துக்கொண்டு மலைப் பக்கம் கிளம்பிவிட்டார். எப்படிப் போனாலும் ஒரு மணி நேரம் ஆகும்.

கடைக்குத் திரும்பி வந்து அத்தானுக்கு மறுபடி மறுபடி போன் அடித்தேன். முதலாளியம்மா தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். மூன்று இருபதுக்கு மணி அடித்தது. கிடைத்துவிட்டது என்று நினைப்பதற்குள் அத்தான் லைனைத் துண்டித்தார். திரும்ப அடித்தேன், திரும்பவும் துண்டித்தார். காலையில் நான் கடையைச் சிரிக்கவைத்த கோபம். என் போனை எடுத்தால் இன்னும் கிண்டல்தான் வரும் என்று நினைத்திருப்பார்.

அவர் துண்டித்ததுகூடப் பரவாயில்லை. மணி அடித்ததே, அதுதான் என்னை உலுக்கிவிட்டது. சிக்னல் வந்துவிட்டது என்றால் நாலாவது வளைவைத் தாண்டிவிட்டார்கள். இறங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

அதன்பின் ஐந்து நிமிஷமோ ஆறு நிமிஷமோ. நான் எந்தச் சாமியையும் கும்பிடவில்லை. பாப்பா கண்ணாடி பக்கம் உட்கார்ந்திருப்பாளா, அக்கா பெல்ட் போட்டிருப்பாளா என்று மட்டுமே மனசு ஓடியது. அப்போது துண்டுகளுக்கு நடுவே அக்காவின் போன் அடித்தது. அத்தான்தான். தொலைந்த போனைத் தேடுகிறார்.

"போன் கடையிலதானா? சரி, வந்து வாங்கிக்கறோம்" என்றார், வைத்துவிடப் போகிற குரலில்.

"அத்தான், வெச்சிராதீங்க. இப்ப எங்க இருக்கீங்க?"

"ஆறாவது வளைவு. பாப்பாவுக்கு வாந்தி, ஓரமா நிறுத்தியிருக்கோம். ஏன்?"

"அங்கேயே நிக்கட்டும். எடுக்காதீங்க. முன்னாடி இடது பக்கம் பிரேக் பிடிக்கல."

அவர் சிரித்தார். "காலையில எனக்கு ஓட்டத் தெரியலன்ன. இப்ப வண்டியே சரியில்லையா? அந்தச் சக்கரம் உன் கோட்டிங்கால சுத்தமா இருக்குன்னு நீதானே சொன்ன?"

"பொய் சொன்னேன்."

அவர் அடுத்துக் கேட்பதற்குள் நானே தொடர்ந்தேன்.

"நாலுக்கும் ஒரே கோட்டிங்தான் அத்தான். அது ஏன் சுத்தமா இருந்துச்சுன்னு எனக்குத் தெரியல. நீங்க பாராட்டினீங்களேன்னு தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன். இப்ப முன்சக்கரம் ரெண்டுக்கும் கிட்ட கையக் கொண்டுபோய்ப் பாருங்க. தொட வேணாம். ரெண்டும் ஒரே சூடா இருந்தா, சாகறவரைக்கும் என்னைக் கிண்டல் பண்ணுங்க."

போனை இருக்கையில் போட்டுவிட்டு இறங்கினார் போலிருக்கிறது. பாப்பா இருமுவதும், அக்கா அவள் முதுகைத் தடவி ஏதோ சொல்வதும் தூரத்தில் கேட்டன. கனமான வண்டி ஒன்று உறுமிக்கொண்டு கடந்து போனது. முதலாளியம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். அத்தான் திரும்பப் போனை எடுத்தபோது அது அவர் குரல் மாதிரியே இல்லை.

"வலது பக்கம் கிட்டவே போக முடியல. கருகின வாடை. இடது பக்கம் ஜில்லுன்னு இருக்கு."

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டார். "கடைசி ரெண்டு வளைவுல பிரேக் மெத்துன்னு உள்ள போச்சு. ரெண்டு மூணு தடவை மிதிச்சுத்தான் பிடிச்சேன். உங்கக்காகிட்ட சொல்லல."

அவளையும் பாப்பாவையும் மலைச் சுவர் பக்கமாகத் தள்ளி நிற்கவைக்கச் சொன்னேன். ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கியரில் போட்டு, சக்கரங்களுக்கு முன்னால் கல் வைக்கச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் சரி சரி என்றார். எங்களுக்குள் இத்தனை சரி ஒரே நாளில் வந்ததே இல்லை. போனை வைத்தபிறகுதான் கையிலிருந்த தண்ணீரை எப்போதோ கீழே கொட்டியிருக்கிறேன் என்று தெரிந்தது.

நாலரைக்கு அரைவார்த்தை அங்கிருந்து பேசினார். இடது சக்கரத்துக்குப் போகிற பிரேக் ஹோஸ் என்கிற ரப்பர் குழாய் உள்ளுக்குள் ஊறி அடைத்திருக்கிறதாம். எவ்வளவு மிதித்தாலும் ஆயில் அந்தப் பக்கம் போகாது. வண்டியை இழுத்துவர ஆள் சொல்லிவிட்டு, அவர்கள் மூன்று பேரையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டிருந்தார்.

ஆறு மணிக்கு வந்து சேர்ந்தார்கள். அத்தான் உள்ளே நுழைந்ததும் கடையில் இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டு, இந்த வாயாடி மட்டும் இல்லையென்றால் இன்றைக்கு எங்கள் கதை வேறு என்றார். எப்படிக் கண்டுபிடித்தேன், எத்தனை தடவை போன் செய்தேன் என்று கை கால் முளைக்கவைத்துச் சொன்னார். முதலாளியம்மாவும் சேர்ந்துகொண்டு தலையாட்டினார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். காலையில் இருந்ததுபோலவே உள்ளுக்குள் ஏதோ குளிரத் தொடங்கியது. எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது.

அக்கா குழாயடியில் தனியாக நின்றாள். பாப்பா அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போனேன்.

"அக்கா, எனக்குக் காலையிலேயே தோணுச்சு" என்றேன். "மருந்து நிறம் மாறலன்னதும் என்னமோ சரியில்லன்னு கை நின்னுச்சு. அத்தான் பாராட்டினதும் அதை விட்டுட்டேன். தெரிஞ்சேதான் உங்களை அனுப்பினேன்னு வெச்சுக்கோ."

அக்கா என் முகத்தையே பார்த்தாள். அறைந்தாலும் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. பாப்பாவைத் தோளிலிருந்து மெதுவாக இறக்கி என் கையில் கொடுத்துவிட்டு, ஈரத் தரை என்றுகூடப் பார்க்காமல் அப்படியே உட்கார்ந்தாள். மலையில் காரை விட்டு இறங்கியதிலிருந்து அவள் உட்கார்ந்தது அப்போதுதான். பஸ்ஸில் இடம் இருந்தும், பாப்பாவைக் கீழே விடாமல், வழி நெடுக நின்றேதான் வந்தாள் என்று அத்தான் பிறகு சொன்னார்.