படிக்க முடியாத அளவில் ஒரு பெயர்

கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில் இருந்த அந்த அச்சுக்கடையில் செங்கோட்டையனுக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் காட்டினார்கள். அதன்மேல் யாரோ தின்று உதிர்த்த பரிப்புவடைத் துணுக்குகள் எண்ணெயோடு ஒட்டியிருந்தன. எழுபத்திரண்டு வயதுக்கு முழங்கால் கடுத்தது. கடுக்கட்டும் என்று நின்றார்.

"அங்கிளே, மேட்டர் கொண்டுவந்தோ?" என்று கேட்டாள் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த ஜிஸ்மி.

அங்கிள். சொந்த ஊரான எருத்தேன்பதியில் அவர் நடந்து போனால் எதிரே வருகிறவன் தோள் துண்டை எடுத்துக் கையில் பிடிப்பான். அவர் தாளை நீட்டினார்.

மகன் சிவப்பிரகாஷின் கல்யாணப் பத்திரிகை. மேலே அவருடைய அப்பா பெரியமுத்துவின் பெயர், மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக. வரிகள் எல்லாம் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் நிறைந்து, வரப்பு மாதிரி நேராக நிற்க வேண்டும் என்று அவரே டிசைனையும் தேர்ந்தெடுத்தார். சிக்கல் கடைசி வரியில்தான் இருந்தது: இணைச்சீர் செய்பவர், அனுப்பிரியா ஜோபி.

மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் அவனோடு மணையில் உட்கார்ந்து செய்யும் சீர் அது. அது இல்லாமல் அவர்கள் சனத்தில் தாலி ஏறாது. ஐந்து வருடத்துக்கு முன் அனுப்பிரியா வண்டிப்பெரியாற்றுக்குப் போய், தேயிலைத் தோட்டத்து ஜோபியைச் சர்ச்சில் வைத்துக் கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து அந்தப் பெயரை அவர் வாயில் எடுத்ததில்லை. இணைச்சீருக்குத் தம்பி மகள் யோகப்பிரியாவைப் பேசி முடித்துவிட்டார். ஆனால் அவர் மனைவி மருதாத்தாள், "அனுப்பிரியா பேரு பத்திரிகையில இல்லீன்னா நான் மண்டபத்துப் படி ஏறமாட்டனுங்க" என்று சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான். ஆத்தா இல்லாத மணவறையை ஊர் பார்த்தால் மானம் என்ன மிஞ்சும்?

பேர் இருக்கும் என்று வாக்குக் கொடுத்தார். படிக்க முடியும் என்று சொல்லவில்லை. மருதாத்தாளுக்குக் கண்ணில் புரை. மண்டபத்துக்கு வந்தபிறகு தெரிந்தால் தெரியட்டும்.

"இந்தக் கடேசி வரி மட்டும் சின்னதா இருக்கோணும் அம்மிணி."

"எழுத்து அளவு எட்டு போடட்டா?"

எட்டு தெளிவாகத் தெரிந்தது. நாலாக்கினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். ஜோபியின் 'ஜோ'தான் முதலில் கண்ணில் பட்டது. தலை வாரும்போது சீப்பில் பேன் வந்தது போல் இருந்தது.

"இன்னும் குறை."

"இதுக்குக் கீழே போனா தெரியில்ல அங்கிளே."

"தெரியக்கூடாதுன்னுதான் சொல்றேன். இருக்கோணும், தெரியக்கூடாது."

"அப்போ வெள்ளைக் கலர் கொடுக்கட்டா? அச்சுல வராது."

"வராதுன்னா பேரே இல்லீன்னு ஆயிரும். நான் வாக்குக் குடுத்திருக்கறேன்."

ஜிஸ்மி அவரை ஒருமுறை பார்த்துவிட்டுப் பூஜ்யம் அடித்தாள். கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஒன்று என்று அடித்தாள். திரை வெளுத்தது. ஒரு நொடியில் பெரியமுத்து, மணமகன், மணமகள், முகூர்த்த நேரம் எல்லாம் மறைந்து வெறும் நீலம் நின்றது.

"என்ன பண்ணுன?"

"நான் ஒன்னும் செஞ்சில்ல. வரி ஓரத்துக்கு ஓரம் நிறையணும்னு நீங்கதானே சொன்னது? எழுத்து இல்லாத மாதிரி ஆனா, வரியை நிறைக்க இது இடைவெளியைப் பெருக்கும். கோடி, கோடி கோடின்னு போகும். கணக்குத் தாங்காம விழுந்துடும்."

"மறுக்காப் போடு."

மறுபடி போட்டாள். மறுபடி விழுந்தது. நகல் எடுக்க வந்து நின்ற ஒருவன், "கம்ப்யூட்டருக்கே செரிக்கலீங்களாட்ட இருக்குதுங்க" என்றான். செங்கோட்டையன் திரும்பவில்லை. மை நாற்றத்தோடு அவன் வியர்வையும் சேர்ந்து வர, மூக்கைப் பொத்திக்கொண்டார்.

மூன்றாவது முறை விழுந்து எழுந்தபோது பத்திரிகை தானாகவே திரும்பி வந்தது. ஆனால் எல்லா எழுத்தும் ஒரே அளவாகிவிட்டிருந்தது. செத்துப்போன அப்பாவையும் தோட்டத்துக்காரனையும் ஒரே பந்தியில், ஒரே இலையில் உட்கார வைத்தது போல.

"நாறப் பொட்டி" என்றார்.

"அங்கிளே, நாலு மணிக்கு அச்சுக்குப் பிளேட் போகணும். நாளைக்குக் கோயில்ல வைக்கணும்னு நீங்கதானே சொன்னது? ஒன்னு பேரு போடு, இல்லேல் வெட்டு. ரெண்டுக்கும் இடையில இதுக்கு அறியாது." கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துக்கொண்டாள். "ஆரு இது?"

"என்ற மக."

ஐந்து வருடம் கழித்து அந்தச் சொல் ஓர் அச்சுக்கடையில் வந்து விழுந்தது. ஜிஸ்மி சோற்றில் முடியைக் கண்டவள் போல முகம் சுளித்து, நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டாள். அப்படி ஒரு பார்வையை அவர் பிறருக்குக் கொடுத்திருக்கிறார். அவருக்கு யாரும் கொடுத்ததில்லை.

செல்போன் அடித்தது. மருதாத்தாள்.

"ஏனுங்க, பேரு போட்டாச்சுங்களா?"

"போட்டாச்சு."

"எவ்வளவு பெருசுங்க?"

வீட்டில் இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார். இந்தப் பெண் முன்னால் பெண்டாட்டியிடம் பொய் சொல்லி, அதையும் இவள் கேட்டுக்கொண்டிருக்க, பிறகு இந்தக் கடைப் படியை எந்த முகத்தோடு இறங்குவது?

"மத்தவீங்களுக்குப் போட்ட அளவுதான்."

"அப்ப அவளுக்குச் சீலை எடுக்கோணுமுங்க. மாப்பிள்ளைக்கு வேட்டி."

"எடு" என்று போனை வைத்தார். பிறகு ஜிஸ்மியிடம், "எங்கப்பாரு பேரை மட்டும் பெருசாக்கு. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்" என்றார்.

"ஜோபியும்?"

"எல்லாமுன்னா எல்லாந்தான்."

அச்சுக்கு முன் சரிபார்க்கும் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் படி இறங்கினார். யோகப்பிரியாவை மணையில் உட்கார வேண்டாம் என்று தம்பி வாசலில் போய் நின்று, தன் வாயால் சொல்லியாக வேண்டும். எருத்தேன்பதி பஸ் வரும்வரை அதற்கான சொற்களைத் தேடினார். வாய்க்கு வந்ததெல்லாம் கசந்தது. காறித் துப்பினார்.